ஆறு மீற்றர் நாற்பத்தொன்று

ஏப்ரல் 28, ஞாயிறு
பிரஷர் 144/90

இந்தக் கொப்பியைத் தந்தவள் எங்கள் டொக்டரிடம் வேலை செய்யும் தாதி. எட்டு வாரத்துக்கு ஒவ்வொரு நாளும் காலையில் பிரஷர் பார்த்து இதில் எழுத வேண்டுமாம். இறங்காவிட்டால் குளிசை விழுங்க வேண்டிவருமாம். ‘மனதைக் குழப்புகிற விஷயம் ஏதாவது இருந்தால் அதையும் எழுதுங்கள், மிஸ்டர் தயாபரன்’ என்றாள். ஐம்பத்தாறு வயதுக்காரனைப் பள்ளிக்கூடப் பிள்ளையாக்கிவிட்டாள். பரவாயில்லை, அளந்து எழுதுவது எனக்குப் புதிதல்ல. முப்பது வருடமாக வெள்ளைக்காரர் வீடுகளை அளந்து கார்ப்பெட் விரிக்கிறேன். ஒரு சென்ரிமீற்றர் பிழைத்தது கிடையாது.

மனதைக் குழப்புகிற விஷயம்: ஒன்றுமில்லை.

நளாயினி எட்டிப் பார்த்துவிட்டு, ‘என்னைப் பற்றியும் எழுதுங்கோவன்’ என்றாள். எழுதுகிறேன். என் மனைவி, ஐம்பது வயது, ஆஸ்பத்திரியில் எக்ஸ்றே எடுக்கிறவள். அதற்கு முன் போட்டிகளில் நீளம் பாய்ந்தவள். பிரித்தானியாவின் சட்டையைப் போட்டு இரண்டு தடவை பாய்ந்திருக்கிறாள், இரண்டும் சின்னப் போட்டிகள். முழங்கால் போனதும் முப்பத்தொரு வயதில் விட்டுவிட்டாள். எங்கள் விளையாட்டுக் கழகத்தில் பெண்களுக்கான சாதனை இன்னமும் அவளுடையதுதான்: ஆறு மீற்றர் நாற்பத்தொன்று. சரியாகச் சொன்னால் பாதி அவளுடையது. அதே நாள், அதே தூரம், அவளுடைய சிநேகிதி ஜெனிஸும் பாய்ந்தாள். கழகச் சுவரில் தொங்கும் சாதனைப் பலகையில் இரண்டு பெயரும் ஒரே வரியில் இருக்கின்றன.

ஒரு சென்ரிமீற்றர் வித்தியாசமில்லாமல் இரண்டு பெண்கள். அதிசயம்தான் என்று எல்லோரும் சொல்வார்கள். நானும் சொல்வேன்.

ஏப்ரல் 29, திங்கள்
பிரஷர் 140/88

தேத்தண்ணி போட்டு நளாயினிக்குக் கட்டிலில் கொடுத்தேன். வழமை போல. கலியாணம் முடிந்த நாளில் இருந்து நான்தான் போடுகிறேன். நான் வெள்ளென எழும்புகிறவன், அவ்வளவுதான் காரணம்.

மே 4, சனி
பிரஷர் காலை 139/87. பின்னேரம் திரும்பப் பார்த்தேன், 161/98. மெஷின் பிழை போலிருக்கிறது.

ஜெனிஸ் வந்திருந்தாள். செத்துப்போன தகப்பனின் வீட்டை ஒதுக்கியபோது ஒரு பெட்டி நிறையப் பழைய வீடியோ நாடாக்கள் கிடைத்தனவாம். மகள் பாய்ந்த போட்டி ஒவ்வொன்றையும் அந்த மனிதர் எடுத்து வைத்திருக்கிறார். ‘தொண்ணூற்றெட்டுத் தெரிவுப் போட்டியும் இருக்கிறது, நெலி’ என்றாள். கழகத்தில் நளாயினி என்று சொல்ல ஒருவருக்கும் நாக்குப் புரளாது, அதனால் நெலி. ‘கடையில் கொடுத்துக் கொம்பியூட்டருக்கு மாற்றுகிறேன். கழகத்தின் எழுபத்தைந்தாவது ஆண்டு விருந்தில் பெரிய திரையில் போடுவோம்.’

விருந்து ஜூன் 23, ஞாயிறு மத்தியானம்.

நளாயினி கைதட்டிச் சிரித்தாள். பிறகு என்னைப் பார்த்து, ‘ஏனப்பா, முகம் இப்பிடி வெளிறிப் போச்சு?’ என்று கேட்டாள். மீன் ரோல் தொண்டையில் சிக்கிவிட்டது என்றேன்.

தாதிக்கு: மீன் ரோல் இரண்டு. மற்றபடி ஒன்றுமில்லை.

மே 5, ஞாயிறு
பிரஷர் 150/92

இந்தப் பிரித்தானியத் தாதிக்கு நீளம் பாய்தல் தெரியாமல் இருக்கலாம். விளங்கப்படுத்திவிடுகிறேன்.

ஓடி வந்து ஒரு பலகையில் காலை வைத்து மணலுக்குள் பாய வேண்டும். பலகையின் முன் விளிம்பைக் கால் தாண்டினால் சிவப்புக் கொடி, பாய்ச்சல் செல்லாது. தாண்டாவிட்டால் வெள்ளைக் கொடி. அளப்பது பலகையில் இருந்து மணலில் பட்ட ஆகக் கிட்டிய அடையாளம் வரைக்கும். கால் எங்கே விழுந்தது என்பது கணக்கில்லை. கை பின்னுக்கு ஊன்றினால் கை. தலைமயிர் பட்டால் தலைமயிர்.

அந்தக் காலத்தில் நளாயினிக்கு இடுப்புக்குக் கீழே வரும் பின்னல். தாய் வெட்ட விடமாட்டா. அவள் பாயும்போது அது பின்னால் பறக்கும். தொண்ணூற்றாறில் கழகத்தின் கட்டடத்துக்குக் கார்ப்பெட் விரிக்கப் போனபோது யன்னலால் அதைக் கண்டேன். அடுத்த கிழமையே கழகத்தில் தொண்டராகச் சேர்ந்துவிட்டேன். எனக்குச் சனிக்கிழமைகளில் பொழுது போகாது, அதற்காக. மணல் வாருவதும் நாடாவின் நுனியைப் பிடிப்பதும் என்னுடைய வேலை.

தெரிவுப் போட்டியில் ஒரு இடம்தான் இருந்தது. வெல்கிறவள் பெரிய போட்டிக்குப் பிரித்தானிய அணியோடு போவாள். கடைசிச் சுற்றில் ஜெனிஸ் பாய்ந்தாள், 6.41. அடுத்தது நளாயினி. கால்கள் விழுந்த இடத்துக்கு முதலில் அளந்தபோது 6.52 என்று எல்லோருக்கும் கேட்டது. ஆனால் பின்னுக்குச் சின்னதாக ஒரு பள்ளம் இருந்தது. பின்னல் பட்டிருக்கிறது என்று நாடாவைப் பிடித்தவன் சொன்னான். 6.41. சமநிலை. இரண்டாவது சிறந்த பாய்ச்சலைப் பார்த்து ஜெனிஸை அனுப்பினார்கள்.

நாடாவைப் பிடித்தவன் நான்.

நளாயினி நேரே என்னிடம் வந்து தமிழில் பொழிந்து தள்ளினாள். ‘குருட்டு அறுவான், உனக்குக் கண் தெரியாதே!’ இரண்டு வருடமாக அவளோடு ஒரு சொல் பேசத் துணியாதவன் நான், எனக்குத் தமிழ் தெரியாது என்று நினைத்துவிட்டாள். ‘கண் நல்லாத் தெரியும், பிள்ளை’ என்றேன். அப்படியே வாயைப் பொத்திக்கொண்டாள். எங்கள் காதல் கதை அதுதான். கலியாண வீடுகளில் சொன்னால் சனம் விழுந்து விழுந்து சிரிக்கும்.

மே 11, சனி
பிரஷர் 152/93

இன்று நளாயினியிடம் ஒரு விஷயம் சொல்ல நினைத்தேன். அவள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்தாள். கையில் கத்தி இருந்தபடியால் சொல்லவில்லை.

மே 12, ஞாயிறு
பிரஷர் 151/93

கத்தி இல்லை. ஆனால் தாய்மாமன் கனடாவில் இருந்து போன் எடுத்துவிட்டார்.

மே 19, ஞாயிறு
பிரஷர் 155/95

நடக்கக் கூடாதது நடந்துவிட்டது. வெள்ளிக்கிழமை சட்டன் என்ற பக்கத்து ஊரில் ஒரு கிழவியின் வரவேற்பறைக்குக் கார்ப்பெட்டைக் கட்டையாக வெட்டிவிட்டேன். முப்பது வருடத்தில் முதல் தடவை. சுவருக்கும் கார்ப்பெட்டுக்கும் இடையில் எவ்வளவு இடைவெளி என்று அளந்தேன். பதினொரு சென்ரிமீற்றர்.

கிழவி, ‘அதில் பூந்தொட்டி வைக்கலாம், கவலைப்படாதே’ என்றாள். கார்ப்பெட் ஏற்றும் வானுக்குள் போய் இருந்து கொஞ்சம் அழுதேன்.

மே 25, சனி
பிரஷர் 158/96

தாதிக்குத் தமிழ் வாசிக்கத் தெரியாது. எழுதிவிடுகிறேன்.

அது பின்னல் இல்லை.

ஜெனிஸ் பாய்ந்தபோது இடது கையைப் பின்னுக்கு ஊன்றினாள். அந்தக் கை பட்ட பள்ளத்துக்குத்தான் 6.41 அளந்தோம். பிறகு நான் மணலை வார வேண்டும். கால் பட்ட இடத்தை வாரினேன். கை பட்ட இடத்துக்குப் போக முன்னம் நளாயினி ஓடுபாதையின் தொங்கலில், ஓடத் தொடங்கும் இடத்தில் வந்து நின்றாள். பின்னலை முன்னுக்கு எடுத்து, முடிச்சை இறுக்கி, திரும்பப் பின்னுக்கு எறிந்தாள். அதைப் பார்த்துக்கொண்டு நின்றுவிட்டேன். தலையை வாருவதற்கும் மணலை வாருவதற்கும் எங்கள் மொழியில் ஒரே சொல். நான் ஒன்றைப் பார்த்து மற்றதை மறந்துவிட்டேன்.

பள்ளத்தைக் கண்டபோது உண்மையிலேயே பின்னல் என்றுதான் நினைத்தேன். நாடாவின் மற்ற நுனியில், பலகையடியில் நின்றவர் ‘ஆறு நாற்பத்தொன்று’ என்று வாசித்தாரே, அப்போதுதான் விளங்கியது. திரும்ப அதே எண். ஒரே பள்ளத்தை இரண்டு தரம் அளந்துவிட்டோம். அப்போதே சொல்லியிருக்கலாம். பயந்துவிட்டேன். மணல் வாரியை எடுத்து, அந்தப் பள்ளத்தை வடிவாக மூடினேன்.

அன்று பின்னேரமே நளாயினி கத்தரிக்கோலை எடுத்துப் பின்னலை வெட்டி எறிந்தாள். அவளுடைய தாய், என் மாமி, மூன்று மாதம் அவளோடு கதைக்கவில்லை. ஒரு பாவமும் அறியாத பின்னல்.

ஜூன் 2, ஞாயிறு
பிரஷர் 157/97

ஜெனிஸ் நளாயினிக்குப் போன் எடுத்தாள். வீடியோ தெளிவாக வந்திருக்கிறதாம். ‘அப்பா என்னுடைய பாய்ச்சல் முடிந்த பிறகும் நிற்பாட்டாமல் எடுத்திருக்கிறார். உன் மனிதனும் அதில் இருக்கிறான், நெலி, எவ்வளவு ஒல்லி!’ என்று சிரித்தாளாம்.

உப்பை விட்டுவிட்டேன். பிரஷர் இறங்கவில்லை.

ஜூன் 9, ஞாயிறு
பிரஷர் 160/97

அலுமாரியின் மேல் தட்டில் ஒரு பிஸ்கட் ரின்னுக்குள் அந்தப் பின்னல் இருக்கிறது. மாமி கடைசிவரை வைத்திருந்துவிட்டுச் சாகமுன் நளாயினியிடம் கொடுத்தவ. இன்று விருந்துக்குக் காட்டவென்று நளாயினி அதை இறக்கினாள். கறுகறுவென்று, நேற்று வெட்டினது மாதிரி.

‘இந்தச் சனியனாலதானே எல்லாம் போச்சு’ என்று அதன் நுனியால் என் கன்னத்தில் தட்டினாள்.

‘நளா, அது...’ என்று தொடங்கினேன்.

‘அது?’

‘அது நல்ல வடிவா இருக்குது.’

‘உங்களுக்கு என்னைவிட இதிலதான் விருப்பம்’ என்றாள். எக்ஸ்றே எடுக்கிறவள். எனக்குள் என்ன இருக்கிறது என்று எப்படி இவ்வளவு காலம் தெரியாமல் போனது?

ஜூன் 16, ஞாயிறு
பிரஷர் 163/99

வருகிற ஞாயிறு விருந்து. அந்த ஒல்லியன் வாரியும் கையுமாக வாயைப் பிளந்துகொண்டு நிற்பதை மிச்சம் முழுக்கப் பார்க்கப் போகிறது. எங்கள் ஊரின் பெயர் மிச்சம். ஆங்கிலத்தில் எப்படி எழுதினாலும் எங்கள் சனத்துக்கு அது மிச்சம்தான்.

நான் பயப்படுவது சனத்துக்கு இல்லை. நளாயினி விட்டுப் போய்விடுவாள் என்பதும் இல்லை, ஐம்பது வயதில் வேறை தேத்தண்ணிக்காரனை எங்கே தேடுவாள்? ஒரு பொம்பிளை தன்னுடைய வாழ்க்கையிலேயே ஆகத் தூரம் பாய்ந்தது ஒரே ஒரு நாள். அந்த நாளை நான் எடுத்துவிட்டு, பக்கத்தில் படுத்துக்கொண்டு இருபத்தைந்து வருடம் குறட்டை விட்டிருக்கிறேன். அவள் என் முகத்தைப் பார்க்கப் போகும் அந்த ஒரு பார்வைக்குத்தான் பயம்.

ஜூன் 23, ஞாயிறு
பிரஷர் 171/102

நீளமாக எழுதப் போகிறேன்.

காலை பத்தரைக்குக் கழகத்தின் கார் தரிப்பிடத்தில் வண்டியை நிற்பாட்டினேன். நளாயினி கதவைத் திறக்கப் போனாள். ‘கொஞ்சம் இரும்’ என்றேன். பெல்ட்டைக்கூடக் கழற்றாமல் எல்லாவற்றையும் சொன்னேன். வாராத மணல், ஜெனிஸின் கை, ஒரே பள்ளம், நான் வாயைத் திறக்காதது. ‘உம்முடைய ஆறு ஐம்பத்திரண்டை நான்தான் களவெடுத்தனான்’ என்றேன்.

அவள் முன்கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். மடியில் பிஸ்கட் ரின்.

‘வாங்கோ, நேரம் போட்டுது’ என்றாள். இறங்கிப் போய்விட்டாள்.

மண்டபத்தில் எழுபது எண்பது பேர். முன் வரிசையில் கிழவர் ஹாலிடே, எண்பத்தேழு வயது, சக்கர நாற்காலியில். அந்தக் காலத்தில் பலகைக்குப் பக்கத்தில் நின்று கொடி காட்டியவர். கோழிக்கறியும் சோறும் நாங்கள் கொண்டுபோனது, சான்ட்விச் அவர்களுடையது. என் தட்டை நாற்காலிக்குக் கீழே வைத்தேன்.

வீடியோவைப் போட்டார்கள். ஜெனிஸ் பாய்கிறாள், கை ஊன்றுகிறது, அளக்கிறார்கள். பிறகு அந்த ஒல்லியன். இரண்டு இழுவை இழுக்கிறான். அப்படியே நிற்கிறான். வாரி ஒரு பக்கம், தலை ஒரு பக்கம். மண்டபம் முழுக்கச் சிரித்தது. ‘தயா, மணல் கீழே இருக்கிறது!’ என்று யாரோ கத்தினார்கள். திரையில் அவன் ஒதுங்குகிறான், அந்தப் பள்ளம் அப்படியே தெரிகிறது. தகப்பனின் கமெரா மணலிலேயே நின்றதால் பலகை தெரியவில்லை. நளாயினி வந்து விழுகிறாள். பின்னல் மேலே பறந்து அவளுடைய தோளில்தான் விழுகிறது. மணலில் படவேயில்லை.

சிரிப்பு நின்றுவிட்டது.

கழகத் தலைவர் கொலின் எழும்பினார். நல்ல மனிதர், ஆனால் நியாயம் என்றால் துள்ளிக்கொண்டு வருவார். ‘நெலிக்குப் பெரிய அநியாயம் நடந்திருக்கிறது. புதுச் சாதனைப் பலகையில் அவளுடைய பெயருக்கு 6.52 என்று எழுதுவோம்’ என்றார். எல்லோரும் கைதட்டினார்கள். ஜெனிஸும் தட்டினாள். அவளுடைய முகம் சிவந்துபோய் இருந்தது. நான் நிலத்தைப் பார்த்தேன். நான் விரித்த கார்ப்பெட்தான், நிறம் போய்விட்டது.

நளாயினி எழும்பி மைக்கைப் பிடித்தாள்.

‘எழுத வேண்டாம்’ என்றாள். ‘அது 6.52 இல்லை. 6.41உம் இல்லை. அந்தப் பாய்ச்சலே செல்லாது. என் கால் பலகையைத் தாண்டிவிட்டது. விளிம்பு என் விரல்களுக்குக் கீழே இருந்தது, எனக்குத் தெரியும். பாய்கிறவளுக்கு அது எப்போதும் தெரியும். வெள்ளைக் கொடி எப்படி உயர்ந்தது என்றுதான் தெரியவில்லை.’

முன் வரிசையில் ஹாலிடே கையை உயர்த்தினார். ‘எனக்கு அன்றைக்குத் தும்மல்’ என்றார். ‘ஜூன் மாதத்துப் பூந்தூள். கண்ணைத் திறந்தபோது நீ மணலில் இருந்தாய், அழகான பாய்ச்சலாக இருந்தது. கொடியைத் தூக்கிவிட்டேன்.’

ஒருவரும் சிரிக்கத் துணியவில்லை. நளாயினிதான் முதலில் சிரித்தாள். பிறகு ஜெனிஸின் பக்கம் திரும்பினாள். ‘ஜெனிஸ், அந்தச் சாதனை உன்னுடையது மட்டும்தான். இவ்வளவு காலமும் பாதியை நான் வைத்திருந்தேன். என்னை மன்னித்துவிடு.’

ஜெனிஸ் ஓடிவந்து கட்டிப்பிடித்தாள். இரண்டு பேரும் அழுதார்கள். பிஸ்கட் ரின் கீழே விழுந்து பின்னல் வெளியே வந்தது. ஹாலிடே அதைக் கண்டு பயந்துவிட்டார்.

வீட்டுக்கு வரும்போது கேட்டேன்: ‘காலமை காருக்குள்ளயே நீர் சொல்லியிருக்கலாம்தானே?’

‘இருபத்தாறு வருசம் எனக்கு ஒளிச்ச ஆள், இன்னும் ரெண்டு மணித்தியாலம் கிடந்து அவியட்டும் எண்டு விட்டனான்.’

‘அப்ப அண்டைக்கு என்னை ஏன் அப்பிடி ஏசினீர்?’

‘என்னை நானே ஏச ஏலாது. நீங்கள் கிட்ட நிண்டனீங்கள்.’

‘பின்னல்?’

‘அதைப் பதினைஞ்சு வயசில இருந்து வெட்டோணும் எண்டு நிண்டனான். அம்மா விடேல்ல. நீங்கள் நல்ல சாட்டு ஒண்டு தந்தீங்கள்.’

சிவப்பு விளக்கில் நின்றோம். அவள் யன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். ‘பகிடி இல்லையப்பா. எனக்குச் சொல்ல ஏலாமல் இருந்தது. இவ்வளவு ஓட்டம், இவ்வளவு நோ, கடைசியில என்னட்ட மிஞ்சினது அந்த ஒரு நம்பர்தான். அம்மா சாகும்வரைக்கும் கோயில்ல காணுற எல்லாருக்கும் அதைத்தான் சொல்லித் திரிஞ்சவ. அதையும் விட்டால் நான் ஆர்?’

நான் அவளிடம் இருந்து களவெடுத்தேன் என்று இருபத்தாறு வருடம் நெஞ்சில் குத்திக்கொண்டிருந்தேன். பார்த்தால், அவளுக்கு இல்லாத ஒன்றைக் கொடுத்திருக்கிறேன். அவள் அதைக் கையில் வைத்துக்கொண்டு கூசியிருக்கிறாள். ஒரு கட்டிலில் இரண்டு பேரும் ஒரே எண்ணுக்குப் பயந்து படுத்திருந்திருக்கிறோம்.

‘நீர் என்ரை நளா’ என்றேன்.

‘பச்சை விழுந்திட்டுது, எடுங்கோ’ என்றாள்.

ஜூன் 24, திங்கள்
பிரஷர் 134/84

தேத்தண்ணி போடாமல் வேண்டுமென்றே படுத்திருந்தேன். என்ன நடக்கிறது பார்ப்போம் என்று.

‘என்னப்பா, தேத்தண்ணி எங்க?’

‘நான் பிழை செய்யேல்ல எண்டு முடிஞ்சுதுதானே. இனி ஏன் போடோணும்?’

‘ஓ! அதுக்குத்தானே இவ்வளவு நாளும் போட்டனீங்கள்?’ என்று எழும்பி உட்கார்ந்தாள்.

எழும்பிப் போய்ப் போட்டேன்.

ஜூன் 26, புதன்
பிரஷர் 127/80

தாதி கொப்பியைப் புரட்டிப் பார்த்தாள். எண்களை மட்டும்தான் அவளால் வாசிக்க முடியும். ‘171இல் இருந்து ஒரே நாளில் இப்படி இறங்கியிருக்கிறதே, என்ன செய்தீர்கள்?’ என்று கேட்டாள். உப்பை விட்டேன் என்றேன். மிகவும் சந்தோஷப்பட்டாள். குளிசை வேண்டாமாம்.

ஜூன் 30, ஞாயிறு

கழகத்தில் புதுப் பலகை மாட்டிவிட்டார்கள். நானும் நளாயினியும் போய்ப் பார்த்தோம். முதல் வரி: ஜெனிஸ், 6.41. இரண்டாவது வரி: நளாயினி, 6.33, 1999. இந்தத் தடவை நெலி என்று எழுதவில்லை, முழுப் பெயர். ஒரு எழுத்துப் பிழைத்திருக்கிறது, ஆனாலும் முழுப் பெயர்.

அவள் கனநேரம் அதைப் பார்த்துக்கொண்டு நின்றாள். விரலால் மூன்று எண்களையும் தொட்டாள்.

‘ஆறு முப்பத்துமூண்டு’ என்றாள். ‘அண்டைக்குக் கால் பலகைக்கு உள்ளதான் இருந்தது. எனக்கு வடிவாத் தெரியும்.’ பிறகு சந்தேகத்தோடு என் பக்கம் திரும்பினாள். ‘இந்த மைதானத்திலதானே பாய்ஞ்சனான். அண்டைக்கு மணல் வாரினது ஆர்?’

‘நான்தான்.’

‘முழுக்க வாரினனீங்களோ?’

‘ஒரு துளி விடாமல் வாரினனான்’ என்றேன். ‘அப்ப எங்களுக்குக் கலியாணம் முடிஞ்சு மூண்டு மாசம்.’

கைப்பையால் முதுகில் ஓர் அடி விழுந்தது. கார் வரைக்கும் துரத்திக்கொண்டு வந்தாள். அந்த முழங்காலோடு.

இன்று பிரஷர் பார்க்கவில்லை.